எந்த அணி நம் அணி?

வரலாற்றுத் தொடர் – அத்தியாயம் 9

முன்கதை: 1948 ஜூலை 31. லண்டனை அடுத்த இல்ஃபோர்டு நகரின் கிரிக்கிள்ஃபீல்டு மைதானம். சுதந்திர இந்தியாவின் கால்பந்து அணி தன் முதல் ஒலிம்பிக் ஆட்டத்தை ஆடிக்கொண்டிருக்கிறது. எதிரே பிரான்ஸ். நம்மவர்களில் பெரும்பாலோர் காலில் பூட்ஸ் கிடையாது. விரல்களில் சுற்றிய துணிக்கட்டுதான். 30-வது நிமிடத்தில் ரெனே கூர்பேன் பிரான்ஸுக்கு முதல் கோலைப் போட்டார். 70-வது நிமிடத்தில் சாரங்கபாணி ராமன் பதில் கோல் போட்டார். சுதந்திர இந்தியாவின் முதல் சர்வதேச கோல் அது.

இனி…

1. இல்ஃபோர்டில் கடைசி நிமிடம்

ஆட்டம் 1-1. மிச்சம் இருபது நிமிடம்.

அன்று இந்தியா ஆடிய ஆட்டத்துக்கு இந்த 1-1 குறைவு. இந்தியாவுக்கு இரண்டு பெனால்டிகள் கிடைத்தன. பெனால்டி என்றால் பன்னிரண்டு கஜ தூரம், குறுக்கே கோல்கீப்பர் ஒருவர் மட்டும். ஒன்றை சைலன் மன்னா கோட்டைவிட்டார். மற்றொன்றை மகாபீர் பிரசாத் கோட்டைவிட்டார். அவற்றில் ஒன்று வலைக்குள் போயிருந்தால்கூட முன்னிலை நம்முடையது. இரண்டும் போயிருந்தால் 3-1.

அணித் தலைவர் தாலிமெரென் ஆவ், நாகா மலையிலிருந்து கல்கத்தாவுக்கு மருத்துவம் படிக்க வந்து மோகன் பகான் அணியில் பெயரெடுத்தவர். பயிற்சியாளர் பலாய்தாஸ் சாட்டர்ஜி. ஆட்டம் சமனில் முடிந்தால் கூடுதல் நேரம் உண்டு. வெறுங்காலில் இவ்வளவு தூரம் வந்தவர்களுக்கு இன்னொரு அரைமணி நேரம் பெரிதல்ல.

அந்த அரைமணி நேரம் கிடைக்கவில்லை. 89-வது நிமிடத்தில் ரெனே பெர்சியோன் பந்தை வலைக்குள் தள்ளினார். பிரான்ஸ் 2, இந்தியா 1. நாக்-அவுட் போட்டி என்பதால் இந்தியாவின் ஒலிம்பிக் கால்பந்து அந்த ஒரே ஆட்டத்தோடு முடிந்துபோனது. அடுத்த சுற்றில் பிரிட்டனிடம் 0-1 என்று தோற்று பிரான்ஸும் வீடு திரும்பியது.

பன்னிரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 12 அன்று, வெம்பிளியில் இந்திய ஹாக்கி அணி பிரிட்டனை 4-0 என்று வென்று தங்கம் வாங்கியது. நேற்றுவரை ஆண்டவனை அவன் ஊரிலேயே தோற்கடித்த அந்த வெற்றியின் ஆரவாரத்தில் இல்ஃபோர்டை நாடே மறந்துவிட்டது.

நம் தொடர் மறக்க முடியாது. காரணம், இல்ஃபோர்டில் தோற்ற அணிக்கும் வென்ற அணிக்கும் நடுவே ஓர் ஊர் இருந்தது.

2. வெள்ளைக்காரனும் வெள்ளைக்காரனும்

புதுச்சேரி நகரத்திலிருந்து வடக்கே முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கருவடிக்குப்பம். சித்தானந்த சுவாமி கோயில் உள்ள ஊர். குயில் தோப்பு என்று இன்றும் காட்டப்படும் இடமும் இந்தப் பக்கம்தான். 1908-ல் சென்னையில் கைதாகாமல் தப்பி வந்த பாரதியார், 1918 வரை புதுச்சேரியில் இருந்தபோது நடந்து வந்து உட்கார்ந்த தோப்பு அது. பிரிட்டிஷ் போலீஸ் வேவு பார்க்கலாம்; கைது செய்ய முடியாது. ஏனென்றால் அது பிரெஞ்சு மண். இன்னும் வடக்கே போனால் கோட்டக்குப்பம். அது தென்னார்க்காடு மாவட்டம், சென்னை மாகாணம், பிரிட்டிஷ் மண்.

பேச்சு ஒன்று, சாமி ஒன்று, கொள்வினை கொடுப்பினை ஒன்று. கொடி மட்டும் இரண்டு.

1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டக்குப்பத்தில் மூவர்ணக் கொடி ஏறியது. கருவடிக்குப்பத்தில் பறந்ததும் மூவர்ணம்தான். ஆனால் நீலம், வெள்ளை, சிவப்பு. 1946-ன் பிரெஞ்சு அரசியல் சட்டப்படி புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் ஐந்தும் சேர்ந்து பிரெஞ்சு ஒன்றியத்தின் கடல்கடந்த பகுதி. அங்கிருந்து பாரீஸ் நாடாளுமன்றத்துக்கு உறுப்பினர் போனார். அப்போது போனவர் லாம்பர்ட் சரவணே.

இல்ஃபோர்டு ஆட்டத்துக்கு முந்தைய மாதம், 1948 ஜூனில், இந்தியாவும் பிரான்சும் ஓர் உடன்பாட்டுக்கு வந்திருந்தன. பிரெஞ்சிந்திய மக்கள் எங்கே சேர வேண்டும் என்பதை மக்களே வாக்களித்து முடிவு செய்யட்டும் என்பது அதன் சாரம்.

1935-ல் கருவடிக்குப்பத்தில் பிறந்த ஒருவரை மனதில் வைத்துக்கொள்வோம். இந்த அத்தியாயம் முழுக்க அவர் நம்மோடு வரட்டும். இல்ஃபோர்டு ஆட்டம் நடந்தபோது அவருக்குப் பதின்மூன்று வயது. சட்டப்படி அவருடைய நாட்டு அணி எது? பெர்சியோனின் அணி. ராமன், வஜ்ரவேலு என்று தன் தெருவிலும் கேட்கக்கூடிய பெயர்கள் கொண்ட அணி, சட்டப்படி அவருக்கு எதிரணி.

ஊரார் வாக்களிக்கட்டும் என்று ஒப்புக்கொண்டாயிற்றே, இந்தக் குழப்பம் ஓராண்டு, ஈராண்டில் தீர்ந்திருக்க வேண்டுமே? தீரவில்லை. பதினான்கு ஆண்டுகள் இழுத்தது. அதற்குள் இந்தியாவும் பிரான்சும் இன்னொரு ஒலிம்பிக்கில் நேருக்கு நேர் நின்றன.

3. பத்து கோலும் ஒரு ஜோடி பூட்ஸும்

1952, ஹெல்சிங்கி. யூகோஸ்லாவியாவிடம் இந்தியா 1-10 என்று தோற்றது. பின்லாந்துக் குளிரில் வெறுங்கால் எடுபடவில்லை. அந்த அடிக்குப் பிறகு இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் பூட்ஸைக் கட்டாயமாக்கியது.

அந்த ஆண்டுகளில் கருவடிக்குப்பத்தைச் சுற்றி வேறொரு கெடுபிடி. பிரெஞ்சுப் பகுதிகளோடு இருந்த சுங்க உடன்பாட்டை 1949 ஏப்ரலில் இந்தியா முறித்துக்கொண்டது. எல்லைகளில் சுங்கச் சாவடிகள் இறுகின. பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குச் சீர் கொண்டு போவதும் சுங்கக்காரன் கண்ணில் பட்டுத்தான் நடக்க வேண்டும். சந்திரநாகூர் மட்டும் 1949 ஜூனில் வாக்கெடுப்பு நடத்தி இந்தியாவோடு சேர முடிவெடுத்தது. தெற்கே வாக்கெடுப்பு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

1954 மார்ச்சில் காற்று திரும்பியது. அதுவரை பிரான்ஸின் பக்கம் நின்ற அரசியல் தலைவர் எதுவார் குபேரும் கொம்யூன் மேயர்களும் இணைப்புக்காகக் குரல் கொடுத்தார்கள். நெட்டப்பாக்கத்தில் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது. அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் கூடினார்கள். 178 பேரில் 170 பேர் இணைப்புக்கு ஆதரவு. எதிர்த்தவர்கள் 8 பேர். நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. பொறுப்பேற்றவர் கேவல் சிங்.

கருவடிக்குப்பத்துக்காரருக்கு இப்போது பத்தொன்பது வயது. போலீஸ் இந்தியப் போலீஸ். தபால் தலை இந்தியத் தபால் தலை. சுங்கச் சாவடி போன இடம் தெரியவில்லை. ஆனால் அவர் யார்?

அங்கேதான் சிக்கல். கைமாறியது நிர்வாகம் மட்டுமே. மண்ணின் உரிமை மாற ஒப்பந்தம் வேண்டும். அந்த ஒப்பந்தம் 1956 மே 28 அன்று டெல்லியில் கையெழுத்தானது. கையெழுத்து மட்டும் போதாது. பாரீஸ் நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தர வேண்டும். ஒப்புதல் வரும்வரை, பிரெஞ்சுக் குடியுரிமையோடு பிறந்த புதுச்சேரிக்காரர் சட்டத்தின் கண்ணில் பிரெஞ்சுக்காரரே.

பாரீஸ் ஏன் தாமதித்தது? அல்ஜீரியாவில் விடுதலைப் போர் மூண்டிருந்தது. அங்கே ஓர் அங்குலமும் விடமாட்டோம் என்று ராணுவத்தைக் குவித்திருக்கும் நேரத்தில், இன்னொரு மூலையில் மண்ணை எழுதிக்கொடுக்க எந்த அரசும் துணியவில்லை. புதுச்சேரியில் பிறந்து பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்த சொல்தாக்கள் அப்போதும் சீருடையில் இருந்தார்கள். அண்ணன் பிரெஞ்சுச் சீருடையில், தம்பி இந்திய நிர்வாகத்தில் குமாஸ்தா. ஒரே வீட்டில் இரண்டும் நடக்கக்கூடிய காலம்.

அதே 1956-ன் கடைசியில் மெல்பர்ன் ஒலிம்பிக். பூட்ஸ் போட்ட இந்திய அணி ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்றது; நெவில் டிசோசா மூன்று கோல் போட்டார். அரையிறுதியில் யூகோஸ்லாவியாவிடம் தோற்று, வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடமும் தோற்று, நான்காம் இடம். ஹெல்சிங்கியில் பத்து கோல் வாங்கிய அணி நான்கே ஆண்டில் உலகின் முதல் நான்கில் ஒன்று. அதன் பின்னால் இருந்த மனிதர், ஹைதராபாத் பள்ளி ஆசிரியராக இருந்து பயிற்சியாளரான சையது அப்துல் ரஹீம்.

அடுத்த ஒலிம்பிக் ரோமில்.

4. சாவுப் பிரிவு

1960. இந்தோனேசியாவைக் கல்கத்தாவிலும் ஜகார்த்தாவிலும் வென்று இந்தியா ரோமுக்குத் தகுதி பெற்றது. பதினாறு அணிகள், நான்கு பிரிவுகள். ஒவ்வொரு பிரிவிலும் முதலிடம் பிடிப்பவர் மட்டும் அரையிறுதிக்குப் போவார். இரண்டாம் இடத்துக்கு ஒன்றும் கிடையாது.

பிரிவுப் பட்டியல் வந்தது. ஹங்கேரி. பெரு. இந்தியா. நான்காவது பெயர், பிரான்ஸ்.

ரஹீமின் அணித் தலைவர் பி.கே. பானர்ஜி. நடுத் தடுப்பில் ஜர்னைல் சிங். தாக்குதலில் சுனி கோஸ்வாமி. இவர்களோடு நம் தொடருக்கு வேண்டிய மூன்று பேர் உண்டு.

கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ். ஹைதராபாத்தில் பிறந்து, ராணுவத்தில் சேர்ந்து, மெட்ராஸ் ரெஜிமென்ட் அணியில் சென்டர் ஃபார்வர்டாக ஆட்டத்தைத் தொடங்கியவர். பிறகு கோல் கம்பங்களுக்கு நடுவே வந்து நின்றார். ஆசியாவிலேயே சிறந்த கீப்பர் என்ற பேரை எடுத்தார். அடுத்தவர் துளசிதாஸ் பலராம். செகந்திராபாத்தை ஒட்டிய அம்முகூடாவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த பிள்ளை. பந்து அவர் காலில் ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். மூன்றாமவர் தஞ்சாவூர்க்காரர், சைமன் சுந்தரராஜ்.

ஆகஸ்ட் 26, லாக்விலா. முதல் ஆட்டம் ஹங்கேரியோடு. ஹங்கேரி அணியில் பதினெட்டு வயது ஃப்ளோரியன் ஆல்பர்ட். பின்னாளில், 1967-ல், ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்தை வாங்கப்போகிறவர். ஹங்கேரி இரண்டு கோல் போட்டது, இரண்டாவது ஆல்பர்ட்டுடையது. ஆட்டம் கைவிட்டுப் போனது என்று தோன்றும்போது 79-வது நிமிடத்தில் பலராம் ஒன்றைத் திருப்பினார். முடிவு 2-1.

தோல்விதான். ஆனால் இதே ஹங்கேரி அடுத்த ஆட்டத்தில் பெருவுக்கு ஆறு கோல் போட்டது. பிரான்ஸுக்கு ஏழு. இந்தியாவுக்கு இரண்டு மட்டுமே. அந்த ஹங்கேரிதான் கடைசியில் வெண்கலம் வாங்கியது.

மூன்று நாள் இடைவெளி. பிறகு பிரான்ஸ்.

5. க்ரோசெத்தோ

1960 ஆகஸ்ட் 29. தஸ்கனியின் க்ரோசெத்தோ நகரம்.

நம் கருவடிக்குப்பத்துக்காரருக்கு இப்போது இருபத்தைந்து வயது. வானொலியைத் திருப்பினால் சென்னையோ திருச்சியோ கேட்கும். புதுச்சேரிக்கென்று வானொலி நிலையம் வர இன்னும் ஏழு ஆண்டுகள் ஆகும். அவர் வாழ்வது இந்திய நிர்வாகத்தில். அவர் கையில் இருப்பது இந்திய ரூபாய். ஆனால் ஒப்பந்தம் இன்னும் பாரீஸில் ஒரு மேசையில் கிடக்கிறது.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஒலிம்பிக்கில் ஒரு நாட்டுக்காக ஆட, அந்த நாட்டின் குடிமகனாக இருக்க வேண்டும். தங்கராஜைப் போல ஒரு கீப்பர், பலராமைப் போல ஒரு ஃபார்வர்டு கருவடிக்குப்பத்தில் பிறந்திருந்தால், அன்று அவர் எந்த ஜெர்சியைப் போட்டிருக்க முடியும்? விதிப் புத்தகத்தைப் பிரித்தால் பதில் நீல நிற பிரெஞ்சு ஜெர்சி பக்கம்தான் சாயும்.

ஆட்டம் தொடங்கியது. முதல் பாதியில் கோல் இல்லை. பன்னிரண்டு ஆண்டுக்கு முந்தைய இல்ஃபோர்டில் முதல் அரைமணி நேரத்தில் விழுந்த தடுப்பு, இங்கே விழவில்லை. ஜர்னைல் சிங் முன்னே மலையாக நின்றார். அவரைத் தாண்டினால் தங்கராஜ்.

71-வது நிமிடம். பி.கே. பானர்ஜி கோல் போட்டார். இந்தியா 1, பிரான்ஸ் 0.

ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்கு எதிராக இந்தியா முன்னிலை பெற்றது அதுதான் முதல் முறை. பத்தொன்பது நிமிடம் தாங்கினால் போதும். ஐந்து நிமிடம் போயிற்று. பத்து நிமிடம் போயிற்று. இல்ஃபோர்டில் ஆட்டம் கையை விட்டுப் போனது 89-வது நிமிடத்தில் என்பதை இந்த அணியில் யாராவது நினைத்திருந்தால், கடிகாரத்தைப் பார்த்திருப்பார்கள்.

82-வது நிமிடம். பிரான்ஸின் ஜெரார் குவான்சோன் பந்தை வலைக்குள் அனுப்பினார். 1-1.

விசில் ஊதியபோதும் கணக்கு மாறவில்லை. இந்தியா வெல்லவில்லை, பிரான்ஸும் வெல்லவில்லை. கருவடிக்குப்பத்துக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான முடிவை எந்த வக்கீலும் எழுதியிருக்க முடியாது. நிர்வாகம் ஒருவரிடம், உரிமை ஒருவரிடம், ஆட்டமும் ஆளுக்குப் பாதி.

செப்டம்பர் 1, பெஸ்காரா. கடைசி ஆட்டத்தில் பெருவிடம் இந்தியா 1-3 என்று தோற்றது. ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் வந்த அந்த ஒரே கோல் தஞ்சாவூர் சைமன் சுந்தரராஜின் பெயரில் அறியப்படுகிறது. ஒரு புள்ளியோடு இந்தியா பிரிவின் கடைசி இடத்தில் நின்றது. அப்போது யாரும் அந்த கோலைப் பெரிதாக எண்ணியிருக்க மாட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு இந்திய ஆடவர் அணி எந்த ஒலிம்பிக் கால்பந்துக்கும் தகுதி பெறவே இல்லை. ஒலிம்பிக்கில் இந்தியா போட்ட கடைசி கோல் இன்றுவரை அதுதான். அந்த சைமன் சுந்தரராஜ்தான் 1973-ல் கேரளத்துக்கு முதல் சந்தோஷ் டிராஃபியைப் பயிற்சியாளராக இருந்து வாங்கிக் கொடுத்தார்.

6. எட்டு நாள்

1962 ஜூலை. அல்ஜீரியா விடுதலை அடைந்தது. பாரீஸுக்கு இனி புதுச்சேரியைப் பிடித்துவைத்திருக்கக் காரணமில்லை. அதே மாதம் நாடாளுமன்றம் ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 1962 ஆகஸ்ட் 16 அன்று டெல்லியில் இரு நாடுகளும் பத்திரங்களை மாற்றிக்கொண்டன. பதினான்கு ஆண்டு இழுபறிக்கு அன்று முற்றுப்புள்ளி.

பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் எழுதிக்கொடுக்க ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. எழுதிக்கொடுத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்களாக நீடித்தார்கள். சொல்தாக் குடும்பங்கள் பல அப்படித்தான். எழுதிக்கொடுக்காதவர்கள் இந்தியர்கள். நம் கருவடிக்குப்பத்துக்காரர் எழுதிக்கொடுக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். இருபத்தேழு வயதில், பிறந்த ஊரைவிட்டு ஓர் அடி நகராமல், அவர் இந்தியக் குடிமகன் ஆனார். இனி இந்திய அணி அவர் அணி. காகிதத்திலும் அவர் அணி.

அந்த அணி அப்போது எங்கே இருந்தது தெரியுமா?

ஜகார்த்தாவில். ஆகஸ்ட் 16-க்குச் சரியாக எட்டாம் நாள், ஆகஸ்ட் 24 அன்று, நான்காவது ஆசிய விளையாட்டுப் போட்டிகள் அங்கே தொடங்கின. கருவடிக்குப்பம் சட்டப்படி இந்தியாவான பிறகு இந்தியக் கால்பந்து அணி ஆடிய முதல் பெரும் போட்டி இதுதான்.

தொடக்கமே சரியில்லை. முதல் ஆட்டத்தில் தென் கொரியா இந்தியாவை 2-0 என்று வீழ்த்தியது. தாய்லாந்தோடு ஆடும்போது ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டு, தையல் போட வேண்டியதாயிற்று. தங்கராஜ் காய்ச்சலில் படுத்துவிட்டார். பயிற்சியாளர் ரஹீமின் நுரையீரலில் புற்றுநோய். அடுத்த ஆண்டு ஜூனுக்குமேல் அவர் உயிரோடு இருக்கப்போவதில்லை.

மைதானத்துக்கு வெளியே நிலைமை இன்னும் மோசம். இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசியா விசா மறுத்துவிட்டது. அப்படியானால் இதை ஆசிய விளையாட்டு என்றே அழைக்கக் கூடாது என்றார், ஆசியப் போட்டிகளைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான இந்தியாவின் ஜி.டி. சோந்தி. ஜகார்த்தா கொதித்தது. செப்டம்பர் 3 அன்று இந்தியத் தூதரகத்தை ஒரு கூட்டம் தாக்கியது.

மறுநாள், செப்டம்பர் 4. கால்பந்து இறுதி ஆட்டம். எதிரே அதே தென் கொரியா. செனயன் அரங்கில் ஒரு லட்சம் பேர் வரை கூட்டம். அநேகமாக அத்தனை பேரும் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சல்.

அந்தக் கூச்சலுக்கு நடுவே இந்திய அணி உள்ளே வந்தது. காய்ச்சலில் படுத்திருந்த தங்கராஜ் கோல் கம்பங்களை நோக்கி நடந்தார். அவருக்கு முன்னால், வழக்கமாக ஜர்னைல் சிங் நிற்கும் இடத்தில் ஜர்னைல் சிங் இல்லை. தலையில் கட்டோடு அவர் மைதானத்தின் மறுபாதியைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார். நாட்டின் மிகச் சிறந்த தடுப்பாட்டக்காரரை, தலையில் தையலோடு, பந்தைத் தலையால் முட்ட வேண்டிய சென்டர் ஃபார்வர்டு இடத்தில் நிறுத்தியிருந்தார் ரஹீம்.

நடுவர் விசிலை வாயில் வைத்தார்…

(தொடரும்)